படம் வரைய ஒரு கைநாட்டு

வலை பழுதுபார்க்கும் ஓலைக் கொட்டகையின் நடுத்தூணில் ஒரு பலகையைக் கட்டி, அதில் வெள்ளைத் தாளை ஒட்டி, டாக்டர் அம்மையார் முதலில் வரைந்தது ஒரு சிவப்பு முக்கோணம். அது ஒரு வீட்டின் கூரை. அதன் கீழே சதுரம் ஒன்றைச் சேர்த்து, கதவும் ஜன்னலும் வைத்து, இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாய்மார்களிடம் கேட்பது அவருடைய திட்டம். சதுரம் வரையும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பதினொரு பெண்களும் குழந்தைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

டாக்டருக்குக் காரணம் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு பேருந்து நிலையத்திலிருந்து கடற்கரைவரை அந்தச் சிவப்பு முக்கோணம் இல்லாத சுவரைப் பார்ப்பது அரிது. குடும்பக் கட்டுப்பாட்டின் சின்னம் அது. அந்தச் சின்னம் வரைந்த ஜீப் குப்பத்துக்குள் நுழைந்தால், மூன்று குழந்தைகள் பெற்றவர்கள் சவுக்குத் தோப்புக்குள் போய் மறைந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன். டாக்டரின் காதில் இதைச் சொன்னேன். அவர் அவசரமாக ஜன்னலை வரைந்தார். ஜன்னல் யாரையும் திரும்ப உட்காரவைக்கவில்லை.

அரசாங்கத்தின் முக்கோணம் தலைகீழாக இருக்கும், இது நிமிர்ந்து இருக்கிறது என்று நான் விளக்கிப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்துக்கு மீன்கூடை சுமந்து போய் விற்றுவரும் ஒரு பெண் முன்னால் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும், குப்பத்துப் பெண்களின் சார்பில் பேசும் உரிமையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டவள். அவள் என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டாள்.

"தாளத் திருப்பிப் புடிச்சா ரெண்டும் ஒண்ணுதானே டீச்சரு" என்றாள்.

நான் பலகையிலிருந்து அந்தத் தாளைக் கழற்றினேன்.

நாங்கள் யார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். செங்கல்பட்டில் ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதி ஒன்றும் சிறிய மருத்துவமனை ஒன்றும் அங்கே இருந்தன. டாக்டர், வெளிநாட்டில் குழந்தைகளின் மனநலம் படித்துவிட்டுத் திரும்பியவர். தாயும் குழந்தையும் ஒரே தாளில் சேர்ந்து படம் வரையும்போது, வாயால் சொல்ல முடியாத துன்பங்கள் வெளியே வரும், வெளியே வந்த துன்பம் பாதி ஆறிய துன்பம் என்று அவர் உறுதியாக நம்பினார். சமூகப் பணியில் பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகாத எனக்கு அந்த நம்பிக்கை தொற்றிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. தாய்மார்களைச் சேர்ப்பதும், கூடவே உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலை.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுகளில் தாளும் பேனாவுமாக வந்தவர்கள் எல்லாரும் எதையாவது எடுத்துக்கொண்டுதான் போயிருந்தார்கள். மணலைச் சங்கிலி பிடித்து அளக்க வந்தவர்கள் உண்டு. தலை எண்ண வந்தவர்கள் உண்டு. கட்டுமரத்துக்குக் கடன் தருவதாகச் சொல்லிப் பெயரெழுதிப் போய்த் திரும்பி வராதவர்களும் உண்டு. குழந்தைகளுக்கு நாங்கள் கொடுத்த ரொட்டியையும் பாலையும்கூடத் தாய்மார்கள் முதலில் தாங்கள் ஒரு வாய் வைத்துப் பார்த்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகுதான் குழந்தையிடம் தந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இன்றைக்கு யோசித்தால், அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது.

முக்கோணத்துக்குப் பிறகு மூன்று வாரம் நான் தனியாகவே போய்வந்தேன். கூடைக்காரப் பெண்ணோடு பேச்சுவார்த்தை என்றே அதைச் சொல்ல வேண்டும். அவள் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். காலையில் கட்டுமரங்கள் கரையேறும் நேரத்தில் ஒரு பெண்ணும் வரமாட்டாள். சந்தை முடித்துத் திரும்பிய பிற்பகலில்தான் வருவார்கள். மறைப்புக் கட்டாத கொட்டகையில்தான் உட்காருவார்கள். சிவப்பு நிறத்தை டாக்டரம்மா தொடக்கூடாது, குழந்தைகள் தொடலாம்.

கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றிலும் கடினமானது. வரைந்த படங்களை நாங்கள் எடுத்துக்கொண்டு போகக்கூடாது.

"எம் புள்ள போட்ட படம். அத்த நீ இன்னாத்துக்கு எடுத்துகினு போவணும்? அதுல இன்னா கீது உனக்கு?"

படங்கள் இல்லாமல் டாக்டரால் எதையும் ஆராய முடியாது. தாளும் வண்ணக் குச்சியும் எங்களுடையவை என்று நான் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு அந்தக் கரையில் எந்த வழக்கையும் தீர்க்கும் முறையையே இதற்கும் சொன்னாள். பாடு எனப்படும் பிடிபட்ட மீன் கரைக்கு வந்ததும் அதைக் கூறு கூறாகப் பிரித்து, கட்டுமரத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு, உழைத்தவருக்கு ஒரு கூறு என்று பங்கிடுவார்கள் அல்லவா? தாள் எங்களுடையது, உழைப்பு அவர்களுடையது. ஒவ்வொரு முறையும் தாயும் பிள்ளையும் இரண்டு தாள் வரைவார்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று எங்களுக்கு. எது யாருக்கு என்பதை உழைத்தவளே எடுத்துக் கொடுப்பாள்.

டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார். பாதி கிடைத்தாலும் போதும் என்றார். ஊரின் வழக்கத்தை மதித்து ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டோம் என்று நான் மாத அறிக்கையில் பெருமையோடு எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கைநாட்டு வாங்கினோம். நிறுவனத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு தாய்க்கும் ஒன்று. பெயர், வயது, குழந்தைகள் விவரம் ஆகியவற்றை நான் கேட்டு நிரப்பினேன். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஐந்து வாசகங்கள். அவற்றை நான் படித்தேன் என்று சொன்னால் அது பொய். படிக்கவில்லை என்று சொன்னாலும் முழு உண்மையாகாது. கண் அவற்றின்மேல் ஓடியது. எல்லா நிறுவனங்களின் படிவத்திலும் இருக்கும் வாசகங்கள்தானே என்று மனம் கடந்துவிட்டது.

கூடைக்காரப் பெண் படிவத்தை வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதுல ஆபரேசன்னு எழுதிக்கீதா?"

"இல்லை."

"உம் புள்ள குட்டி மேல சத்தியமா?"

எனக்குத் திருமணமே ஆகவில்லை என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைமேல் சத்தியம் செய்யும்படி ஒருத்தி சொன்னாள். செய்தேன். அது பொய்ச் சத்தியம் அல்ல. அந்தச் சொல் படிவத்தில் எங்குமே இல்லை. சிரிப்பு அடங்கியபின் பதினொரு பேரும் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் இந்த நினைவு. இருபத்திரண்டு வயதிருக்கும். கணவன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். ஒரே மகள், ஐந்து வயது. நான்கு மாதச் செவ்வாய்க்கிழமைகளில் அந்தச் சிறுமி எங்கள் முன்னால் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பெயரைக் கேட்டால் தாயின் முகத்தைப் பார்ப்பாள். ரொட்டி வேண்டுமா என்றால் கையை நீட்டுவாள். ஆனால் வண்ணக் குச்சி கையில் கிடைத்துவிட்டால் தாள் முடியும்வரை தலை நிமிரமாட்டாள். அவளைப் பற்றி நான் எழுதிய குறிப்புகள் அவளைத் தாயிடமிருந்து பிரித்து எடுக்கும் இடம்வரை போயின. அதனால்தான் அவற்றை ஒளிக்காமல் இங்கே சொல்கிறேன்.

"குழந்தை பேசுவதில்லை" என்று எழுதினேன். "தாய், குழந்தையின் கையிலிருந்து குச்சியை அடிக்கடி பிடுங்குகிறாள்" என்று எழுதினேன். "வலது முழங்காலுக்குக் கீழே பழைய காயத்தின் தழும்பு, காரணம் கேட்டதற்குத் தாய் பதில் சொல்லவில்லை" என்று எழுதினேன். ஒவ்வொன்றும் கண்ணால் கண்டதுதான். ஆனால் கண்டவற்றில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதை என் ஐயமே தீர்மானித்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தச் சிறுமி பாயிலிருந்து எழும்போதெல்லாம் தாயின் முந்தானையைப் பிடித்து முகம் துடைத்துக்கொள்வாள். அதை நான் ஒரு முறைகூட எழுதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். அந்தச் சிறுமியின் கோப்பிலிருந்த தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பியிருந்தார். ஒன்றில் கால்கள் இல்லாத ஓர் ஆண். ஒன்றில் முகமே வரையப்படாத ஒரு பெண். இன்னொன்றில் வீடு ஒன்று முழுக்கக் கறுப்பால் தீற்றி மூடப்பட்டிருந்தது. வேறு மூன்றிலும் பாதியில் நின்றுபோன உருவங்கள், அவற்றின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

"பேச்சு இல்லை, தழும்பு இருக்கிறது, இந்தப் படங்கள் இருக்கின்றன. அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது" என்றார் டாக்டர். வரும் செவ்வாய்க்கிழமை ஜீப்பில் குழந்தையை அழைத்துவந்து ஆறு வாரம் விடுதியில் வைத்துப் பார்ப்பது, தேவைப்பட்டால் மேலும் வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தார். தாய் சம்மதிக்க மாட்டாளே என்றேன். அவர் கோப்பின் கடைசித் தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். நான்காவது வாசகம். குழந்தையின் நலன் கருதி, நிறுவனம் தேவையெனக் கருதும் காலம்வரை, குழந்தையை விடுதியில் வைத்துக் கவனிக்கப் பெற்றோர் சம்மதிக்கிறார். அதற்குக் கீழே நான் எழுதிய பெயர். பக்கத்தில் அந்தப் பெண்ணின் கட்டைவிரல் ரேகை.

அன்று இரவு முழுவதும் நான் அந்தப் படங்களை நம்பினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். படிவத்தின் வாசகம் என்னை உறுத்தியது. ஆனாலும் கால் இல்லாத அந்த மனிதன் அதைவிட அதிகமாக உறுத்தினான். கைநாட்டை ஏமாற்றி வாங்கியது தவறு. ஒரு குழந்தையை அடிக்கிற வீட்டில் விட்டுவைப்பது அதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது?

சனிக்கிழமை பிற்பகல் தனியாகப் பேருந்து ஏறினேன். அந்தத் தாயிடம் நடப்பதைச் சொல்வதா, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவதா என்று முடிவு செய்யாமலே சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்தேன். உளவு பார்க்கத்தான் போனேன் என்று இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அவர்களுடைய குடிசையை நெருங்கியபோது உள்ளே ஒரு குழந்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நண்டு வளைக்குள் போன கதை. நான் வாசலில் நிழல் விழ நின்றதும் பேச்சு அறுந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். சிறுமியோடு பக்கத்துக் குடிசைக் குழந்தை ஒன்றும் இருந்தது. பேசியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தன.

தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். செவ்வாய்க்கிழமை இல்லாத நாளில் நான் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை, ஏனென்றால் அதற்குள் என் கண் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

அந்த மண்சுவரில், தரையிலிருந்து கூரைவரை, மாவுப் பசையால் ஒட்டிய படங்கள். கால்களோடு ஓர் ஆண். ஒவ்வொரு காலிலும் ஐந்து விரல். கண்ணும் மூக்குத்தியும் வைத்த பெண். நீலக் கடலில் மஞ்சள் மீன்கள். கட்டுமரத்தின்மேல் மூன்று பேர், மூவரும் சிரிக்கிறார்கள். எங்கள் கோப்பில் இருந்தவை வரையப்பட்ட அதே பாயில், அதே பிற்பகல்களில், அதே விரல்கள் வரைந்த மற்றொரு பாதி அது.

கால் இல்லாத மனிதனைப் பற்றிக் கேட்டேன். அந்தப் படத்தை ஏன் எங்களுக்குக் கொடுத்தாள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"காலு போடாத படத்த நான் வச்சிகினு இன்னா பண்றது? ஒயுங்கா வந்தது எங்களுக்கு. ஒயுங்கா வராதது உங்களுக்கு. நீங்க இன்னா அத்த செவுத்துலயா ஒட்டப்போறீங்க?"

கூறு பிரிக்கும்போது நல்ல மீனை வீட்டுக்கும் பொடிமீனை வெளியாருக்கும் ஒதுக்கிவிட்டிருக்கிறாள். அவள் மட்டுமா? பதினொரு பேரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நான்கு மாதமாக ஒரு குப்பத்தின் துயரம் என்று நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தது அவர்கள் கழித்துப்போட்ட தாள்களைத்தான்.

மகள் ஏன் எங்களிடம் பேசுவதில்லை என்றும் கேட்டேன். இதற்குச் சொல்லத் தயங்கினாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

"நான்தான் சொல்லிவச்சேன். வாயத் தொறந்து பேசிகினு இருந்தா உன்னை எழுதிக்குவாங்க, இட்டுகினு பூடுவாங்கன்னு."

அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் தோள்பையில் அவள் கைநாட்டு வைத்த படிவத்தின் நகல் இருந்தது. வெள்ளிக்கிழமை அதைக் கையால் எழுதி எடுத்திருந்தேன். ஜீப்பைப் பற்றி அன்று நான் அவளிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் சுவரைப் பற்றிச் சொன்னால் போதும், ஜீப் வராது என்று நம்பினேன்.

திங்கட்கிழமை டாக்டர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். அப்படி யாராவது எண்ணிவிடக்கூடாது. முன்பு வேறோர் ஊரில் ஒரு தாய் இதேபோல எல்லாவற்றுக்கும் பொருத்தமான விளக்கம் சொன்னாளாம். அதை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினாராம். அந்தக் குழந்தையைத் தாம் மறுபடி பார்த்த இடத்தை எனக்குச் சொல்ல விரும்பவில்லை என்றார்.

"நீ பார்த்த சுவர் உண்மையாக இருக்கலாம். உனக்குக் காட்டுவதற்கென்றே ஒட்டிய சுவராகவும் இருக்கலாம். பேசியது அந்தக் குழந்தைதான் என்று உன்னால் எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா?"

முடியவில்லை. ஜீப் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு என்றார்.

மறுநாள் நான் ஜீப்பில் போகவில்லை. முன்னதாகவே பேருந்தில் போய்விட்டேன். பதினொரு படிவங்களையும் அலமாரியிலிருந்து எடுத்து வந்திருந்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. இரண்டு மணிக்குப் பெண்கள் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். வண்ணக் குச்சிப் பெட்டியைத் திறக்காமல், ஒரு படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து வாசகங்களையும் தமிழில் சொன்னேன். நான்காவதை இரண்டு முறை சொன்னேன். பிறகு இன்று ஜீப் வருகிறது, அந்தச் சிறுமிக்காக வருகிறது என்றேன்.

கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. நான்கு மாதமாக முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தவர்கள் அப்போதுதான் தளர்ந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. தாங்கள் முதலிலிருந்தே நினைத்தது சரி என்று தெரிந்துகொண்ட நிம்மதி அது. அந்தத் தாய் மட்டும் மகளை இழுத்து இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டாள்.

கூடைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை.

"ஏன் டீச்சரு, நீ படிச்சவதானே? எங்க வெரல வாங்கசொல்ல இத்தப் படிக்கலியா?"

"சரியாகப் படிக்கவில்லை" என்றேன்.

"படிச்சவ படிக்கல, படிக்காதவ படிக்கல. ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

படிவங்களை ஒவ்வொருவரிடமும் திருப்பிக் கொடுத்தேன். தங்கள் தாள் எது என்று அவர்களால் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது; நான் பெயர் சொல்லச் சொல்ல வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி மடித்து இடுப்பில் செருகினாள். ஒருத்தி அங்கேயே சுக்குநூறாகக் கிழித்தாள். அந்தத் தாய் தன் தாளில் கைநாட்டு இருந்த இடத்தை மட்டும் வட்டமாகக் கிள்ளி எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டாள்.

ஜீப் வந்தது. டாக்டர் இறங்கி வந்து, திறக்கப்படாத பெட்டியையும் பெண்களின் கைகளில் இருந்த தாள்களையும் பார்த்துப் புரிந்துகொண்டார். நேரே அந்தத் தாயின் எதிரில் மணலில் உட்கார்ந்து, குழந்தையின் நன்மைக்காகத்தான் கேட்கிறேன், கட்டாயம் இல்லை என்று தணிந்த குரலில் சொன்னார்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா. நல்லா பேசும். நீயே கேளு" என்றாள் தாய். மகளின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். "பேசு. பேரு இன்னா, சொல்லு. அன்னிக்கு நண்டு பாத்தியே, அத்த சொல்லு."

சிறுமி டாக்டரைப் பார்த்தாள். ஜீப்பைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா, எங் கண்ணுல்ல. இப்ப சொல்லலாம். நான்தானே சொல்றேன்." தாயின் குரல் உடையத் தொடங்கியது. தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியதை டாக்டர் பார்த்தார்; டாக்டர் பார்த்ததை அவளும் பார்த்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த அத்தனை பெண்களும் அந்தக் குழந்தையின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். பேசிவிடு என்று என் மனம் கெஞ்சியது. பேசினால் நான் செய்தது சரியென்று ஆகிவிடும் என்பதும் அந்தக் கெஞ்சலில் இருந்தது.

அவள் பேசவில்லை. யாரை நம்பக்கூடாது என்று தாய் கற்றுக்கொடுத்திருந்தாளோ அவர்கள் எல்லாரும் எதிரில் இருக்கையில், அந்தத் தாயே சொன்னாலும் அவள் எப்படிப் பேசுவாள்? அல்லது, அவளால் உண்மையிலேயே பேச முடியவில்லையா?

டாக்டர் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். சம்மதத் தாள் இல்லாமல் குழந்தையைத் தொடக்கூடாது என்ற விதியை அவர் மீறுகிறவர் அல்லர். ஜீப்பில் ஏறுமுன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"நீ அந்தத் தாய்க்கு நல்லது செய்திருக்கிறாய். குழந்தைக்கும் செய்ததாக நினைத்துக்கொள்கிறாய். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன்."

ஜீப் காலியாகத் திரும்பிப் போனது. படம் வரையும் செவ்வாய்க்கிழமைகள் அத்தோடு முடிந்தன. அலமாரியிலிருந்து தாள்களை எடுத்ததற்காக என்னை வேலையிலிருந்து விலக்கினார்கள். அது நியாயம்தான். படிவத்தைத் தமிழில் மாற்றி நான்காவது வாசகத்தை நீக்கிவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இழப்பும் இல்லாமல் இல்லை. பதினொரு தாய்மார்கள் வாரத்துக்கு ஒரு பிற்பகல் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டிய வழக்கம் நின்றுபோனது. அதை அவர்கள் விரும்பியிருந்தார்கள் என்பதற்கு நான் பார்த்த ஒரு சுவரே சாட்சி. அவர்களுக்கு அதை மீட்டுக்கொடுக்க வேறு யாரும் வரவில்லை, நானும் போகவில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இவை எதுவும் அல்ல. நான் அந்தக் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வந்தேன் என்ற கேள்விதான். சுவர் காட்டியது ஒன்று, தோளை உலுக்கிய கை காட்டியது இன்னொன்று. ஒரு நாள் முதலாவதை நம்புவேன், மறுநாள் இரண்டாவதை.

ஆறேழு மாதம் கழித்து, திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூட வேலைக்காக விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சந்தை வழியாகப் பேருந்துக்கு வந்துகொண்டிருந்தேன். மீன் விற்கிற வரிசையில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கவிழ்த்த கூடை ஒன்றின்மேல், அந்தச் சிறுமி. கொஞ்சம் வளர்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். மீன் வாங்க வந்த ஒரு கிழவரிடம், இது நேற்றைய மீன் இல்லை, எங்க நைனா இன்னிக்குக் காலையில புடிச்சது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார், அவள் இன்னும் சத்தமாகப் பேசினாள். கணீரென்ற குரல்.

நான் நின்றுவிட்டேன். தாய் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அவளுடைய கை, தானாகவே, மகளின் முழங்காலின்மேல் போய் அழுந்தியது. சிறுமி திரும்பி என்னைப் பார்த்தாள். பேச்சு நின்றது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

இரண்டடி முன்னால் போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதை அவர்கள் நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை என்று தோன்றியது. தலையை மட்டும் அசைத்துவிட்டு, காய்கறிக் கடைகளின் பக்கமாகத் திரும்பி நடந்தேன். மூன்றாவது கடையைத் தாண்டும்போது பின்னால் அந்தக் குரல் மீண்டும் கேட்டது. மீனின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்பதற்காக நான் நிற்கவில்லை. நின்றால் அது மறுபடி நின்றுவிடும்.